பார்சல் வழியில் தொலைந்தால் விற்றவர் என்ன செய்ய வேண்டும்?

‘கொரியர்ல போட்டாச்சு மேடம், அதுக்கப்புறம் நாங்க பொறுப்பு இல்ல.’ இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் புடவை, கவரிங் நகை, ஊறுகாய் விற்கும் பல பக்கங்களில் இந்த வரி பயோவிலேயே இருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் செல்லும் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் செல்லாது. அது ஏன், பார்சல் காணவில்லை என்று போன் வந்த நாளில் என்ன செய்வது, அப்போது கைகொடுக்க பேக்கிங் மேஜையிலேயே என்ன செய்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். இந்தியாவுக்குள் சொந்தமாக பேக் செய்து, தபாலிலோ கொரியரிலோ அனுப்பும் சிறு விற்பனையாளர்களை மனதில் வைத்து எழுதியது.

அந்த வரி எங்கிருந்து வந்தது

அதற்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 39ஆவது பிரிவு, சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாக முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள், அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படிப்பதில்லை. பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஒப்பந்தத்தை விற்பவர்தான் கொண்டுசெல்பவரோடு போட வேண்டும். அதைச் செய்யாமல் பொருள் தொலைந்தால், ‘எனக்கு ஒப்படைத்ததாக ஏற்கமாட்டேன்’ என்று வாங்கியவர் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். 12,000 ரூபாய் பட்டுப்புடவையை டிராக்கிங் இல்லாத சாதாரண பார்சலில் போட்டுவிட்டு முதல் உட்பிரிவைக் காட்டினால் நிற்காது.

அதன்மேல் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்ற சட்டங்கள் தரும் உரிமைகளுக்குக் கூடுதலாகத்தான் இந்தச் சட்டம் என்று அதன் 100ஆவது பிரிவே சொல்கிறது. 2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் விதிகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. சொன்ன தேதிக்குப் பிறகு பொருள் வந்தால்கூட, பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு. தாமதமாக வந்த பொருளுக்கே இப்படி என்றால், வரவே வராத பொருளுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

‘நான் வீட்டிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில்தான் விற்கிறேன், எனக்கு இதெல்லாம் பொருந்தாது’ என்பதும் சரியில்லை. பழைய போனையோ குழந்தை சைக்கிளையோ ஒருமுறை விற்றுக் கழிப்பவருக்குத்தான் விதிகளில் விலக்கு. வாராவாரம் ஸ்டாக் எடுத்துப் படம் போட்டு விற்பது தொழில்.

கொரியரோடு பேசியது, கட்டணம் கட்டியது, ரசீது வாங்கியது எல்லாமே விற்பவர்தான். வாங்கியவருக்கும் கொரியருக்கும் நடுவே ஒரு காகிதம்கூட இல்லை. அதனால் வரிசை இப்படித்தான் போகும்: வாங்கியவரின் கணக்கை விற்பவர் முதலில் தீர்க்க வேண்டும், பிறகு கொரியரிடம் தன் கணக்கைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘கொரியர்காரன் பணம் தந்தா உங்களுக்குத் தரேன்’ என்று இழுப்பதில்தான் பாதிச் சண்டைகள் ஆரம்பிக்கின்றன.

பேக்கிங் மேஜையில்

தொலைந்த பிறகு தேடும் ஆதாரம் கிடைக்காது. அனுப்பும் நாளில் 2 நிமிடம் செலவழித்தால் போதும்.

முதலில் எடை. சமையலறையில் வைக்கும் 5 கிலோ டிஜிட்டல் தராசு போதும். ஒட்டி முடித்த பார்சலைத் தராசில் வைத்து, எண்ணும் முகவரி லேபிளும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். உங்கள் தராசு 642 கிராம் காட்டுகிறது, புக்கிங் ரசீதில் 640 என்று இருக்கிறது என்றால் பொருள் உள்ளே இருந்தபடிதான் கவுண்டரில் கொடுத்தீர்கள் என்பதற்கு இரண்டு சாட்சி. ‘காலி டப்பா வந்தது’ என்று வாங்கியவர் சொன்னால், அவர் கையில் இருக்கும் பார்சலை உறையோடு எடைபோட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். 210 கிராம் என்று வந்தால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள். அப்போது டேப்பைப் பார்க்க வேண்டும்: உங்கள் டேப்பின் மேல் வேறு அகல டேப் ஓடியிருக்கும், அல்லது ஓர் ஓரம் கத்தியால் கீறியது போல நேராக இருக்கும். உங்கள் பெயர் அச்சடித்த டேப் ஒட்டும் பழக்கம் இருந்தால் இது படத்திலேயே தெரிந்துவிடும்.

வீடியோ எடுப்பவர்கள் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: பொருள், கவரில் போடுவது, ஒட்டுவது, தராசு, லேபிள். 40 வினாடிக்கு மேல் ஆகாது. நடுவில் வெட்டினால் அதற்கு மதிப்பு பாதியாகிவிடும்.

லேபிளில் தொலையும் பார்சல்கள் நிறைய. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த லேபிள் ஒரு மழைத்துளியில் கரையும்; மேலே அகலமான கண்ணாடி டேப் ஒட்டுங்கள். மையில்லாமல் சூட்டால் எழுத்து பதியும் தெர்மல் லேபிள் என்றால் நேர்மாறு. டேப்பின் பசையும் வெயிலும் சேர்ந்து எழுத்தை மங்க வைக்கும், அதனால் அதன்மேல் டேப் வேண்டாம். வெளியே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவர் போட்டுவிடலாம். எப்படியிருந்தாலும் பார்சலுக்கு உள்ளேயும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு பேருடைய முகவரி, போன் எண் எழுதிப் போடுங்கள். வெளி லேபிள் கிழிந்து, எங்கோ ஒரு கிடங்கில் பெயரில்லாமல் கிடக்கும் பார்சலைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் வழி.

பின்கோடை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள். தமிழ்நாடும் கேரளமும் 6இல் தொடங்கும். ஊர் பெயர் திருநெல்வேலி, பின்கோடு 5இல் தொடங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பிரிக்கும் இயந்திரத்துக்கு ஊர் பெயர் பெரிதில்லை, பின்கோடுதான் வழி. தவறான முகவரியை வாங்கியவரே கொடுத்திருந்தால் பொறுப்பு அவர் பக்கம் சாயும். அதை நிரூபிக்க, அனுப்புவதற்கு முன் முழு முகவரியையும் திரும்ப அனுப்பி ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள்.

ரசீதை உடனே போட்டோ எடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. தபால் கவுண்டரில் தரும் தெர்மல் காகிதம் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும்.

டிராக்கிங் எண் சரியா என்று பார்ப்பது

ஸ்பீட் போஸ்ட் எண்ணில் 13 இடங்கள்: முன்னால் 2 ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐஎன்’. ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் 8 இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது கிடைக்கும். கழித்து 10 வந்தால் 0, 11 வந்தால் 5.

ஓர் உதாரணம், 20417356: 16 + 0 + 16 + 2 + 21 + 15 + 45 + 42 = 157. 157ஐ 11ஆல் வகுத்தால் மீதி 3. 11 − 3 = 8. ஆக ஒன்பதாவது இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணை யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள். ‘டிராக்கிங்கில் காட்டவே இல்லை’ என்று வரும் புகார்களில் ஒரு பங்கு, 3ஐ 8 என்று படித்து அனுப்பியதுதான். எண்ணைத் தட்டச்சு செய்யாமல் ரசீதின் படத்தையே அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. வாங்குபவர்களுக்கும் இது பயன்படும்: சோதனை இலக்கம் பொருந்தாத எண்ணைக் கொடுத்துவிட்டு ‘நாலு நாள்ல வரும்’ என்பவரிடம் ரசீதைக் கேளுங்கள்.

தொலைந்தால் எவ்வளவு திரும்பும்

இதை அனுப்பும் முன்பே கணக்குப் போட வேண்டும். 2,400 ரூபாய் புடவை, அனுப்பும் செலவு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

தபாலில், 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் (2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது) 10ஆவது பிரிவில், தொலைவது, மாறிப் போவது, தாமதம், சேதம் எதற்கும் துறை பொறுப்பில்லை, விதிகளில் தனியாகச் சொல்லியிருந்தால் தவிர, என்கிறது. பழைய 1898 சட்டத்தின் 6ஆவது பிரிவும் இதே குணம்தான். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் தருவதாகத் துறை வைத்திருக்கும் அளவு: கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. நம் புடவைக்கு 160 ரூபாய்.

கொரியரும் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வருகிறது; வீடு தேடி எடுத்து வீடு தேடிக் கொடுக்கும் கொரியர் ஏஜென்சியை அந்தச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மதிப்பை அறிவித்து, கூடுதல் ஆபத்துக் கட்டணம் கட்டாத பார்சலுக்கு 2011 விதிகளின்படி உச்சவரம்பு, கட்டணத்தின் 10 மடங்கு. நம் புடவைக்கு 800 ரூபாய். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இதைவிடக் குறைந்த தொகை அச்சடித்திருப்பதும் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது: கையெழுத்திட்ட ரசீதில் 100 டாலர் என்று வரம்பு இருந்தது, அதுவே நின்றது.

ஆக 2,400 ரூபாயில் பெரும்பகுதி யாரிடமிருந்தும் வராது. வழி இரண்டு. விலை கூடிய பொருளுக்கு மதிப்பை அறிவித்து இன்சூரன்ஸ் எடுப்பது. கவுண்டரில் அவர்களாகக் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். விலை குறைந்ததற்கு, நஷ்டத்தைப் பரப்பிவிடுவது. 200 பார்சலில் ஒன்று தொலையும் என்று வைத்துக்கொண்டால், 2,400ஐ 200ஆல் வகுத்து ஒரு பார்சலுக்கு 12 ரூபாய். அதை அனுப்பும் செலவில் சேர்த்துத் தனியாக ஒதுக்கினால், தொலைந்த அன்றைக்கு வாங்கியவரோடு மல்லுக்கு நிற்கத் தேவைப்படாது. உங்கள் பொருள், உங்கள் வழித்தடத்துக்கு எத்தனைக்கு ஒன்று என்பதை ஒரு வருடப் பதிவேடு சொல்லிவிடும்.

பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்பீட் போஸ்டிலேயே ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று கேட்டால் முகவரிதாரர் கையிலோ அவர் எழுதிக் கொடுத்து அனுப்பியவர் கையிலோதான் கொடுப்பார்கள், ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருளுக்கு இந்த ஓ.டி.பி.யை விடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. ‘டெலிவர்டு’ என்று காட்டுகிறது, ஆனால் வரவில்லை என்ற சண்டையைப் பாதிக்கு மேல் குறைப்பது அந்த 5 ரூபாய்தான்.

காணவில்லை என்று செய்தி வந்த நாள்

எப்போது ‘தொலைந்தது’ என்று எண்ணுவது? டிராக்கிங் ஒரே இடத்தில் நின்றுவிட்டது என்றால், மாநிலத்துக்குள் 5 வேலைநாள், வெளிமாநிலத்துக்கு 8 வேலைநாள் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வருகிறது. பொங்கல், தீபாவளி சமயங்களில் இன்னும் இரண்டு மூன்று நாள் கூட்டுங்கள். பார்சல் கடைசியாக எங்கே பதிவானது என்று பாருங்கள். ‘புக்டு’ என்பதோடு நின்றால் உங்கள் ஊர் கவுண்டரிலேயே கிடக்கலாம். நேரில் போனால் மூட்டைக்கு அடியில் கிடைத்ததுண்டு. ‘டிஸ்பேச்டு’ ஆகி அடுத்த இடத்தில் ‘ரிசீவ்டு’ வரவில்லை என்றால் பை மாறிப் போயிருக்கும். ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று மூன்று நாளாக மாறி மாறிக் காட்டினால் வாங்கியவரின் டெலிவரி ஆபீஸில் இருக்கிறது. அவரையே போன் செய்து போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

வாங்கியவருக்கு முதல் நாளே எழுதுங்கள். போனில் பேசினாலும் எழுத்தில் ஒன்று போகட்டும்:

‘வணக்கம் மேடம். உங்க பார்சல் 14ஆம் தேதிக்கு அப்புறம் நகரலை. இன்னைக்குப் புகார் கொடுத்திருக்கோம், புகார் எண் கீழே. 22ஆம் தேதிக்குள்ள கிடைக்கலைன்னா அன்னைக்கே வேற பீஸ் அனுப்பறோம், ஸ்டாக் இல்லைன்னா அனுப்பும் செலவோட முழுப் பணமும் திருப்பிடறோம். எது வேணும்னு சொல்லுங்க.’

இதில் தேதி இருக்கிறது, தேர்வை அவரிடம் விட்டிருக்கிறது. ‘வெயிட் பண்ணுங்க, வந்துரும்’ என்ற பதிலுக்கு இந்த இரண்டும் இல்லை. அதனால்தான் அது கமெண்ட் பாக்ஸில் போய் வெடிக்கிறது.

தபாலுக்கு, இந்தியா போஸ்ட் இணையதளத்திலோ 1800 266 6868 என்ற எண்ணிலோ புகார். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் தளமான சி.பி.கிராம்ஸ். கொரியருக்கு, வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலோடு நிறுத்தாமல், புக் செய்த கிளைக்கு ஒப்புகையோடு ஒரு கடிதம். ரசீது எண், புக் செய்த தேதி, எடை, பொருள், வாங்கிய பில்லின்படி மதிப்பு, கடைசி டிராக்கிங் நிலை, கேட்கும் தொகை இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். 2007 சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பிறகு வழக்கே போட முடியாது. ‘விசாரிக்கிறோம் சார்’ என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டால் கதை முடிந்தது.

‘டெலிவர்டு’ என்கிறது, வாங்கியவர் இல்லை என்கிறார்

இதுதான் கடினமானது. யார் சொல்வது உண்மை என்று உங்களுக்குத் தெரியாது. சட்டமும் உங்களை நீதிபதியாக்கவில்லை. டெலிவரி செய்ததற்கான ஆதாரத்தை அன்றைக்கே கேளுங்கள்: கையெழுத்து, பார்சலைக் கையில் பெற்றவரின் பெயர், படம், ஓ.டி.பி. பதிவான நேரம். வாசலில் வைத்த படத்தில் கதவின் நிறமும் தரையும் வாங்கியவர் வீட்டோடு ஒத்துப்போகிறதா என்று அவரிடமே காட்டிக் கேட்டால், பக்கத்துத் தெருவின் அதே கதவு எண் கொண்ட வீடு என்று பலமுறை தெரியவரும். அடுக்குமாடி என்றால் செக்யூரிட்டி மேஜை, கடை முகவரி என்றால் பக்கத்துக் கடை.

வாங்கியவரிடமிருந்து ‘இந்தத் தேதியில் எனக்கோ என் வீட்டாருக்கோ இந்தப் பார்சல் வரவில்லை’ என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். உண்மையிலேயே வராதவர் தயங்காமல் தருவார். கொரியரிடம் கோருவதற்கும் அது உதவும். ஓ.டி.பி. பதிவு இருந்தால் நீங்கள் மறுக்கலாம். கிறுக்கலான ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால், மறுப்பது ஆபத்து.

‘பார்சல் ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் எந்தப் புகாரும் ஏற்கப்படாது’ என்ற நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தை. கிழிசல், நிறம் மாறியது, ஒரு பீஸ் குறைந்தது போன்ற புகாருக்கு அது நல்ல சான்று, கேட்பதில் தவறில்லை. வீடியோ இல்லை என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. பார்சலே வராதவரிடம் ஓப்பனிங் வீடியோ கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்ல.

பணம் திருப்பிய பிறகு

பொருள் விலையோடு அவர் கட்டிய அனுப்பும் செலவும் சேர்த்தே திருப்ப வேண்டும். வராத பார்சலை அனுப்பியதற்குக் கூலி கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கிரெடிட் நோட் (போட்ட பில்லின் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போடுங்கள். தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும், அதாவது அதை வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்காக எடுத்த கழிவையும், திருப்ப வேண்டும் (மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்)). ஆடிட்டரிடம் வருடக் கடைசியில் சொன்னால் வட்டியோடு வரும்.

மாற்றுப் பீஸ் அனுப்பிய பின் பழைய பார்சலும் போய்ச் சேர்வதுண்டு. அப்படி வந்தால் பிரிக்காமல் வைக்கச் சொல்லி, திருப்பி எடுக்கும் செலவை நீங்களே ஏற்பதாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பெரிய தளங்கள் வழியாக விற்று, பார்சலை அவர்களே எடுத்துப்போனால் கதை வேறு. தளம் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிவிடும். அதை உங்கள் கணக்கில் கழித்திருந்தால் அமேசானில் சேஃப்-டி, ஃப்ளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். என்ற பெயரில் கோர வேண்டும். அங்கேயும் கேட்பது எடைப் படமும் பேக்கிங் வீடியோவும்தான். கோர வேண்டிய கெடு செல்லர் பேனலில் இருக்கும், குறுகியது.

வாங்கியவர் புகாருக்குப் போனால்

இ-காமர்ஸ் விதிகளின்படி தளங்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து அவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அங்கிருந்து உங்களுக்கு வரும் செய்தியைக் குப்பை மெயில் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான சின்னத் தொகைகள் இந்தக் கட்டத்திலேயே பேசி முடிகின்றன.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டத்தின் மாற்றம்: ஈரோட்டில் இருந்து விற்றவர் நாகர்கோவில் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீலும் கட்டாயமில்லை. நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வ பதில்; ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள். 45ஆவது நாளைத் தாண்டினால் பதிலை எடுத்துக்கொள்ளவே முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பதிலோடு இணைக்க வேண்டியவை: தராசுப் படம், ரசீதின் போட்டோ, முகவரிக்கு அவர் சொன்ன ‘சரி’, புகார் எண், கொரியருக்குக் கொடுத்த கடிதத்தின் ஒப்புகை. கொரியரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கக் கேட்பதென்றால் இப்போதே கேட்டுவிடுங்கள்.